அப்பா கட்டிய வீடா, தாத்தா வீடா: எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: எனக்கு வயது 47. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை, வாடகை வீடு. பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. தஞ்சாவூரில் அப்பா 1989-இல் கட்டிய தளம் போட்ட வீடு இருக்கிறது. கீழே 72 வயது அம்மா தனியாக இருக்கிறார்; மாடி போர்ஷனில் 7,000 ரூபாய் வாடகை வருகிறது. அப்பா 2019-இல் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். திருவையாறு பக்கத்துக் கிராமத்தில், தாத்தா அம்மாவுக்குத் தான செட்டில்மென்ட்டாக, அதாவது பணம் வாங்காமல், எழுதிக்கொடுத்த ஓட்டு வீடு இருக்கிறது. முற்றம், திண்ணை, தேக்குத் தூண் எல்லாம் உண்டு, ஆனால் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. தஞ்சாவூர் வீட்டைச் சரிசெய்ய 14 லட்சம், கிராமத்து வீட்டில் ஓட்டைப் பிரித்துத் தளம் போட 22 லட்சம் என்கிறார் கான்ட்ராக்டர். கையிருப்பு 18 லட்சம். ஓய்வுக்குப் பின் கிராமத்தில் இருக்க எனக்கு ஆசை. மனைவி தஞ்சாவூர்தான் என்கிறார். தங்கை திருமணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். எதை முதலில் எடுப்பது? பணம் போதாவிட்டால் மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? படங்களும் மதிப்பீடுகளும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தஞ்சாவூர் வீட்டை முதலில் எடுங்கள். கிராமத்து வீட்டுக்கு இப்போதைக்கு மழை உள்ளே இறங்காதபடி மட்டும் செய்யுங்கள். ஆனால் எந்த வீட்டிலும் ஒரு மூட்டை சிமென்ட் இறங்குவதற்கு முன்னால் பத்திர வேலை முடிய வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம் அது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டு வீடுமே இன்று உங்கள் வீடு இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயிலும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. அப்பா காலமானபோது உங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிராமத்து வீடு முழுக்க அம்மாவுடையது. அதில் உங்களுக்கு இன்று உரிமை எதுவும் இல்லை. அவர் உயில் எழுதாமல் போனால் உங்களுக்கும் தங்கைக்கும் சரிபாதி வரும்.

இந்த நிலையில் நீங்கள் 14 லட்சம் போட்டால், மூன்றில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்காகவேதான் இருக்கும். நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது “நான் போட்ட பணம்” என்று நீங்கள் ஆரம்பிக்க, “அம்மா இருக்கும் வீட்டுக்குத்தானே செய்தாய்” என்று தங்கை சொல்ல, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். சொத்தைவிடச் செலவுக் கணக்கில் பிரிந்துபோன அண்ணன் தங்கைகள்தான் அதிகம். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது. அதனால் அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்து, இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரே நாளில் பேசுங்கள்.

எனக்குத் தோன்றும் ஒரு வழியைச் சொல்கிறேன். கிராமத்து வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ அம்மா தங்கைக்குத் தான செட்டில்மென்ட் எழுதலாம். தஞ்சாவூர் வீட்டில் உள்ள தன் பங்கைத் தங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதலாம். அம்மா தன் பங்கைத் தானே வைத்துக்கொள்ளட்டும். அவரும் எழுதித் தருவதாக இருந்தால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், அவரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பராமரிப்பு தவறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அவருக்கு வழி இருக்கிறது. உங்கள் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. 72 வயதில் கையெழுத்துப் போடுபவருக்குப் பாதுகாப்பு காகிதத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ஆசைப்படும் கிராமத்து வீடு இந்த வழியில் தங்கைக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரிகிறது. அது வேண்டாம் என்றால் தங்கைக்கு ஈடாக என்ன தருவீர்கள் என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். அவர் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினால், அவருக்கு மூலதன ஆதாய வரி வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பத்திரச் செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுமே 1 சதவீதம்தான், உச்சவரம்பும் உண்டு. 2023 ஜூலையில் உயர்த்தியபின் முத்திரைத் தீர்வைக்கு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு 10,000 என்பது வரம்பு. போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று கையில் இருக்கட்டும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன், அதையும் மாற்றுங்கள். இதெல்லாம் முடிந்தால்தான் வங்கியிலும் வேலை நடக்கும். கூட்டுச் சொத்தாக இருந்தால், பங்குதாரர் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படங்களில் என்னை நிறுத்தியது பின்னறைக் கூரைதான். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிப் பழுப்பாக ஓதம் பரவியிருக்கிறது, பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சும் கான்கிரீட்டும் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடும். மேலே பூச்சு பூசினால் இது நிற்காது. மதிப்பீட்டில் கூரைக்கு ‘பேட்ச் வொர்க்’ என்று ஒரே வரி. மாடுலர் கிச்சனுக்கு 3.8 லட்சம், ஃபால்ஸ் சீலிங்குக்கு 1.6 லட்சம். ஒழுகும் தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால், அடுத்த தடவை உதிர்வது கண்ணுக்கே தெரியாது. கீழே படுத்திருப்பவர் அம்மா. அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, தளம் முழுவதையும் தட்டிப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் வீண் இல்லை.

அறிக்கை வந்தபின் கூரை, தண்ணீர்க் குழாய், வயரிங், அம்மாவின் குளியலறை என்ற வரிசையில் செய்யுங்கள். குளியலறையில் வழுக்காத டைல்ஸ், கைப்பிடி, வாசற்படி உயரமில்லாத தரை. பழைய வீட்டை உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும், அதனால் மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதமாவது தனியாக வையுங்கள். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் மதிப்பீடு அதற்கு முன் தேதியிட்டது, புதிதாகக் கேளுங்கள்.

பணக் கணக்கு இப்படி. 18 லட்சத்தில் 7 லட்சத்தைத் தொடாதீர்கள். உங்கள் ஆறு மாதச் செலவும் அம்மாவின் மருத்துவமும் அதில் இருக்கிறது. கிராமத்து வீட்டுக்கு 2 லட்சம். மீதி 9 லட்சம் தஞ்சாவூருக்கு. கிச்சன், சீலிங் போனால் மதிப்பீடு 8.6 லட்சம், 20 சதவீதம் சேர்த்தால் 10.3 லட்சம். துண்டு விழுவது சுமார் 1.3 லட்சம்தான், சம்பளத்திலேயே சமாளிக்கலாம். தளத்தை முழுதாக மாற்றச் சொன்னால் மட்டும் கடன் தேவைப்படும். அப்போது வீட்டுப் புதுப்பிப்புக் கடனாக வாங்குங்கள், பர்சனல் லோன் வேண்டாம். உதாரணமாக 6 லட்சத்துக்கு 7 வருடம்: 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 9,650, 14 சதவீதத்தில் சுமார் 11,240. மொத்தத்தில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வித்தியாசம். வரிச் சலுகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். சொந்தக் குடியிருப்பைப் புதுப்பிக்க வாங்கும் கடனின் வட்டிக்குப் பழைய வரி முறையில் வருடம் 30,000 ரூபாய்தான் கழிவு, புதிய முறையில் அதுவும் இல்லை. மாடி வாடகைக்குப் போவதால் அந்தப் பகுதியின் கணக்கு வேறு, ஆடிட்டரிடம் கேளுங்கள். தளம், வயரிங் போன்ற பெரிய வேலைகளின் பில்களைப் பத்திரப்படுத்துங்கள், பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பிற்காலத்தில் விற்றால் மேம்பாட்டுச் செலவாகக் காட்ட அவை வேண்டும்.

கிராமத்து வீட்டில் தளம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். மதிப்பீட்டிலேயே ‘சுண்ணாம்புக் காரைச் சுவர்’ என்று இருக்கிறது. அந்தச் சுவர் ஓட்டைத் தாங்கக் கட்டியது, கான்கிரீட் பாரத்துக்குக் கட்டியது இல்லை. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றத் தெரிந்த ஆளை வைத்து, உடைந்த ஓட்டையும் ஓட்டைத் தாங்கும் உளுத்த ரீப்பர் கட்டைகளையும் மாற்றுங்கள். கரையானுக்கு மருந்து அடியுங்கள், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள், முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழியைத் திறந்துவிடுங்கள். பூட்டிய வீடு என்று தெரிந்தால் தூணுக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் வரும். விற்க வேண்டாம், தூணை இழந்த வீட்டைத் திரும்பச் செய்ய அந்தப் பணத்தைப்போலப் பல மடங்கு ஆகும். ஓய்வுக்குப் பின் அங்கே போவது பற்றி ஐந்தாறு வருடம் கழித்து உங்கள் மனைவியோடு பேசுங்கள். அதற்குள் ஒரு மாதம் இருவரும் அங்கே தங்கிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

நகை விஷயம்: இப்போது வேண்டாம். வங்கிக் கடன் அனுமதியாகி, பணம் வரச் சில வாரம் தாமதமானால், அந்த இடைவெளிக்கு மட்டும் வங்கியில் வைக்கலாம், அதுவும் உங்கள் மனைவி மனதார ஒப்புக்கொண்டால். கடன் பணம் வந்ததும் முதலில் நகையைத் திருப்புங்கள், அப்புறம்தான் கொத்தனாருக்கு அடுத்த தவணை.