பாரிஸில் நார்மல், புதுச்சேரியில் அதிக எடையா?

கேள்வி: எனக்கு வயது 42. ஆண். உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. வேலை செய்யும் இடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ‘அதிக எடை’ என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். பாரிஸில் இருக்கும் அண்ணனோ, “இங்கே பிஎம்ஐ 25 வரைக்கும் நார்மல்தான், பயப்படாதே” என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: முகாமில் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. எடையை உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ எனும் உடல் நிறை குறியீட்டெண். 66-ஐ 1.65-ஆல் வகுத்தால் 40. அதை மறுபடி 1.65-ஆல் வகுத்தால் 24.2. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 25-இலிருந்துதான் அதிக எடை, 30-இலிருந்து உடல் பருமன். அண்ணன் சொல்வது இதை. இந்தியர்களுக்கென்று 2009-இல் நம் நிபுணர்கள் வகுத்த அளவில் அதிக எடை 23-இலேயே தொடங்கிவிடும். 25 வந்தால் பருமன்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கை கால் ஒல்லி, நடுவில் தொப்பை என்பது நம் ஊரில் தினமும் பார்க்கும் உடம்புதானே. அந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரை நோயைச் சீக்கிரம் கூட்டி வருகிறது. பாஸ்போர்ட் மாறினால் உடம்பு மாறிவிடாது என்பதால், அண்ணனுக்கும் 23-தான் கணக்கு. பிரிட்டனில்கூட தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்த எல்லையைத்தான் பார்க்கிறார்கள்.

நம் ஊர் நிலவரமும் நன்றாக இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி புதுச்சேரியில் பெண்களில் சுமார் 46 சதவீதம், ஆண்களில் 43 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். இந்திய சராசரி 24, 23 சதவீதம்தான். அதுவும் 25-ஐ எல்லையாக வைத்து எடுத்த கணக்கு. 23 என்று வைத்திருந்தால் உங்களைப் போன்றவர்களும் சேர்ந்திருப்பார்கள்.

ஆனாலும் பிஎம்ஐயை மட்டும் நம்ப வேண்டாம். தேங்காய்த்திட்டில் வலை இழுத்து உரமேறிய உடம்புக்கும் 25 வரலாம்; அது தசை. அதனால் தையற்காரர் டேப் ஒன்றை எடுங்கள். பேன்ட் நிற்கும் இடத்தில் அளக்காதீர்கள், நம்மில் பாதிப் பேர் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

90-ஐத் தாண்டியிருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால் சீட்டோடு மருத்துவரிடம் போங்கள். இடுப்பளவு 90-க்குள் இருந்தாலும், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். எடையில் மூன்றரை கிலோ குறைந்தால் 23-க்குக் கீழே வந்துவிடுவீர்கள். அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியபின் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஆரம்பத்துக்குப் போதும். திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடையில் மட்டும் நிற்காதீர்கள்.