வடக்கே முகடு வலுத்தால் நமக்குப் பயமில்லையா?

மதிப்புக்குரிய ஐயா,

மாரி தொடங்கிவிட்டால் விண்டி என்ற வானிலைச் செயலியைப் பார்க்காமல் எனக்கு உறக்கம் வருவதில்லை. 500 ஹெக்டோபாஸ்கல் அமுக்க மட்டத்துப் படத்தில் வங்காள விரிகுடாவின் வடக்கே பெரிய உயரமுக்க முகடொன்று, அதாவது காற்றமுக்கம் கூடிய நீண்ட பகுதி, தெரிகிறது. உயரமுக்கம் என்றால் தெளிந்த வானம் என்றே படித்தோம். பிறகு ஜிஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் கணினி வானிலை மாதிரி இன்றிலிருந்து பத்தாம் நாளில் மட்டக்களப்புக்கு நேரே சூறாவளியைக் காட்டுவது எப்படி?

வாசகர், அக்கரைப்பற்று

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது பிழையன்று. ஆனால் அது முகட்டுக்கு நேர் கீழே இருப்பவருக்கே பொருந்தும். நாம் இருப்பது அதன் தெற்கு ஓரத்தில். வடகோளத்தில் உயரமுக்கத்தைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக ஓடுவதால், தெற்கு ஓரத்தில் அது கிழக்கிலிருந்து மேற்காக வீசும். 500 படம் காட்டுவது கிட்டத்தட்ட ஐந்தரை கிலோமீற்றர் உயரத்திலுள்ள காற்றை. சூறாவளி எத்திசையில் தள்ளப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நடு உயரத்துக் காற்றோட்டந்தான். முகடு உடையாமல் நீண்டு கிடந்தால் வடக்குப் பாதை அடைபட்டு, சூறாவளி நம் கரையை நோக்கியே தள்ளப்படும். மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றில் தாழமுக்கப் பள்ளமொன்று தெற்கே இறங்கி அதை உடைத்தால், வடக்கே வளைந்து விலகிப் போகும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி அவ்வாறு விலகவில்லை. நாட்டைக் குறுக்கறுத்து, மன்னார் வளைகுடாவைக் கடந்து, தமிழ்நாட்டுக் கரையை அடைந்தது. ஆகவே உங்களுக்கு ஆறுதல் தந்த அந்த முகட்டை நான் சற்றுக் கவலையோடுதான் பார்ப்பேன்.

200 படத்தில், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீற்றர் உயரத்தில், உயரமுக்கத்துக்கு வேறு வேலை. சுழலின் தலைக்கு மேலே அது அமைந்தால், அடுப்புக்குப் புகைபோக்கி போல, மேலெழும் காற்றை வெளியே இழுத்துவிடும். அதே இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீற்றர் உயரத்தைக் காட்டும் 850 படத்தின் காற்றையும் 200 படத்தின் காற்றையும் ஒப்பிடுங்கள். திசையையும் சேர்த்துப் பார்க்கையில் வேறுபாடு 20 நொட்ஸுக்கு (மணிக்குச் சுமார் 37 கிலோமீற்றருக்கு) மேற்பட்டால் சுழல் நிமிர்ந்து நிற்கச் சிரமப்படும். கடல் வெப்பம் 26.5 பாகை செல்சியஸ் வேண்டும் என்பார்கள். நவம்பரில் நம் கடலில் அது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. நமக்குத் தடையாக இருப்பது அகலக்கோடு: மத்திய கோட்டுக்கு அண்மையில் புவிச் சுழற்சியின் விசை குறைவு என்பதால் 5 பாகைக்குத் தெற்கே சூறாவளி உருவாவது மிக அரிது.

பத்தாம் நாள் படத்தை நான் எதிர்வுகூறலாகவே எண்ணுவதில்லை, யூடியூபில் அதைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுவோர் எவ்வளவு உரக்கச் சொன்னாலும். ஜிஎஃப்எஸ் நாளொன்றுக்கு நான்கு முறை ஓடுகிறது. காலையில் மட்டக்களப்பிலும் மாலையில் சென்னையிலும் அதே சூறாவளி நின்றால், அந்த மாதிரி இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டும் ஐரோப்பிய வானிலை மையத்தின் 50 மாதிரி ஓட்டங்கள் காட்டும் தடங்களும் ஒரே பக்கம் நெருங்கத் தொடங்கும்போதுதான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

மழை வேறு கணக்கு. 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கியபோது சூறாவளி எதுவும் இல்லை. பிறகு ஃபெங்கல் சூறாவளி என்று பெயர் பெற்ற சுழல், 2024 நவம்பரில் நம் கரையோரமாக ஊர்ந்தபோது தாழமுக்கமாகவே இருந்தது. அந்த நிலையிலேயே அம்பாறையின் பெரும்போக வயல்களை வெள்ளத்தில் அமிழ்த்திவிட்டு, சூறாவளியாகி 30ஆம் திகதி புதுச்சேரி அருகே கரை ஏறியது. வயலுள்ளவர்கள் முகட்டைத் தேடுமுன் 850 படத்தில் ஈரக்காற்று எங்கே குவிகிறது என்பதையும், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய அறிவித்தலையும் பார்ப்பது நல்லது.