கர்ப்பகால எச்.ஐ.வி. சோதனை: வன்னித் தாய்மார் கேட்டவை

மல்லாவி: கிளினிக்கில எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பாப்பினமாம். என்னில ஏதும் சந்தேகமோ அக்கா?

இல்லைத் தங்கச்சி. கிளினிக்கில் பதிந்து காட் போடும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதே நடைமுறைதான். கிரந்தி (சிபிலிஸ்) நோயைப் பார்க்கும் வீ.டி.ஆர்.எல். சோதனைக்கு எடுக்கும் ரத்தத்திலேயே இதையும் பார்ப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை. 12 கிழமைக்குள் குடுத்தால் நல்லது. தொற்று இருந்தால் பிள்ளை பிறக்க முதல் கிருமியை அடக்கக் காலம் கிடைக்கும். மருந்தில்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றும். மருந்தால் கிருமி அடங்கிவிட்டால் ஒன்றுக்கும் குறைவு. தாய்-சேய்த் தொற்றை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றதும் எல்லாரையும் சோதித்தபடியால்தான்.

ஒட்டுசுட்டான்: கையெழுத்து ஒண்டும் வாங்கேல்லை. இதுவோ சம்மதம்?

வாய்ச்சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்கு முதல் என்ன சோதனை, ஏன், முடிவு ஆருக்குத் தெரியவரும், வேண்டாமென்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். வாங்கிலில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து விளக்கலாம், பிழையில்லை. தனியக் கேட்க ஒரு நிமிசம் தராவிட்டால்தான் பிழை. "கையை நீட்டுங்கோ" என்றதும் நீட்டுவதைச் சம்மதமென்று நான் எழுதமாட்டேன். மறுத்தாலும் திரிபோஷாச் சத்துமாவோ தடுப்பூசியோ நிற்காது. அடுத்தமுறை திரும்பக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

துணுக்காய்: மனிசனிட்டக் கேக்க வேணுமோ?

தேவையில்லை.

புதுக்குடியிருப்பு: திரும்ப ரத்தம் குடுக்க வரட்டாம். ரண்டு நாளா நித்திரையில்லை.

முதலில் காரணத்தைக் கேளுங்கோ. குழாயைக் குலுக்கினாலோ, வெயிலில் கிடந்தாலோ செங்கலங்கள் உடைந்து, மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சள் நீர் சிவந்துவிடும். அதை ஆய்வுகூடம் ஏற்காது. கிளினிக்கில் இருந்து ஆய்வுகூடத்துக்குக் கிரவல் றோட்டால் போகும் குழாய்க்கு இது நடக்கக்கூடியதுதான். பெயரும் இலக்கமும் பொருந்தாவிட்டாலும் கூப்பிடுவார்கள். முதற்சோதனை சந்தேகம் காட்டியிருந்தாலும் அது முடிவல்ல. குளத்தில் வீசிய வலையில் சருகும் வரும். கர்ப்பத்தில் பிழையாகவும் காட்டும். வேறு சோதனையால் உறுதிப்படுத்திய பிறகுதான் தொற்றென்று சொல்லலாம். அதையும் கதவடைத்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி: எனக்கு இல்லையெண்டு வந்திட்டுது. அவர் போன மாசம்தான் சோதிக்காமல் வெளிநாட்டால வந்தவர்.

தொற்றி உடனே சோதனையில் தெரியாது. சில சோதனைகளுக்கு 90 நாள் வரை எடுக்கும். அவரை மாவட்ட வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போங்கோ, காசில்லை. அதுவரை ஆணுறை. அவருக்கு இல்லையென்று வந்தாலும் அவரும் நீங்களும் 90 நாள் கழித்து ஒருக்கால் திரும்பப் பாருங்கோ.

மாங்குளம்: தாய்க்கு இருந்தால் ஒப்பரேசன்தானோ? பிள்ளைக்கு எப்ப தெரியும்?

கட்டாயமில்லை. கடைசி மாதங்களில் கிருமியின் அளவு நன்றாக அடங்கியிருந்தால் சுகப்பிரசவமும் செய்யலாம். பிள்ளைக்குப் பிறந்தவுடன் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து தொடங்கும். தாய்ப்பாலைப் பற்றிப் பிரசவத்துக்கு முதலே வைத்தியரோடு கதைத்து வையுங்கோ. சாதாரணச் சோதனையைப் பிள்ளைக்கு அவசரப்பட்டுச் செய்விக்கவேண்டாம்: அது தேடுவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை பிள்ளையின் ரத்தத்தில் நிற்கலாம், தொற்றில்லாத பிள்ளைக்கும் உண்டென்று காட்டும். அதுக்கு முதல் கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் சரி.