பண்டாரவளைக்கு வரப்போகும் தங்கச்சிக்கு: கட்டையில் காளான் பற்றி

தங்கச்சி, கோத்தகிரியிலிருந்து கல்யாணமாகி இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு 7 பேர்ச் அளவு காணியும் புது வீடும் உண்டு. ஊரில் பழகிய ஷிடாகே காளானை இங்கே மரக்கட்டையில் வளர்க்கலாமா, காளான் விதையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா, வாழ்க்கை எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நானும் கோத்தகிரிக்காரிதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்த மலையை விட்டு அனுப்பப்பட்ட குடும்பத்துப் பேத்தி. அங்கே எங்களை ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இங்கே வாக்கப்பட்டு வந்தால் ‘இந்தியாக்காரி’. உங்களுக்கும் அந்தப் பேர் விழும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காளான் இங்கே வளரும், அதில் சந்தேகமில்லை. வில்லங்கம் மரத்தில்தான் இருக்கிறது.

தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டிப் போடலாமே என்று நினைத்திருக்கிறீர்கள். முதலாவது, அது ஓக்கே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். ஜப்பான்காரர்கள் காளான் வளர்க்கும் ஓக் இந்தத் தீவில் தானாக வளர்வதில்லை. இரண்டாவது, அந்த மரம் கம்பெனியுடையது. உங்கள் வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்றாலும் ஒரு கொப்பில் கை வைக்க முடியாது. தோட்டத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்குக் காணி உறுதியே (நிலப் பத்திரம்) கையில் வரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சொந்தக் காணியில் பலா நின்றால்கூட அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது, 1951 சட்டம் இருக்கிறது. வேறு எந்த மரமானாலும் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் சொல்லும் மரம் யூக்கலிப்டஸ். இங்கே டர்பன்டைன் மரம் என்பார்கள். பிரேசிலில் அதன் கட்டையிலும் ஷிடாகே வளர்க்கிறார்கள், அதனால் இது சோதனை முயற்சி ஒன்றுமில்லை. தோட்டத்தில் மரம் வெட்ட ஒப்பந்தக்காரர் வரும்போது பருத்த மரம் பலகைக்குப் போகும். மெல்லியது கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகாகப் போகும். அந்த லொறி கிளம்புவதற்குள் பேசி வாங்க வேண்டும். 4 முதல் 6 அங்குலம் விட்டம், 3 அடி நீளம், பட்டை எங்கும் உரியாதது, உயிர் மரத்திலிருந்து வெட்டியது. விழுந்து கிடந்த மரம் வேண்டாம், அதில் வேறு பூஞ்சை முன்பே குடியேறியிருக்கும். பைன், சைப்ரஸ் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அதன் பிசின் காளானுக்கு ஆகாது.

செப்டெம்பரில் வெட்டி ஒக்டோபர் மழையோடு விதை போடுவது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்துக்குத் தோது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து மழை. நமக்கோ ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூனுக்கு மேல் இங்கே அடிக்கும் காய்ந்த காற்று கட்டையை உறிஞ்சிவிடும். கட்டைக்குள் ஈரம் 35 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். கட்டை வந்த அன்றே ஒன்றைத் தராசில் நிறுத்து எடையைச் சுண்ணாம்பால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். பிறகு எடை குறையக் குறைய எப்போது நனைக்க வேண்டுமென்று தெரிந்துவிடும்.

காளான் இழை ஏற்றிய மரச்சில்லு விதையென்றால் 8.5 மில்லிமீற்றர் துளை, ஓர் அங்குல ஆழம். நீளவாக்கில் 6 அங்குலத்துக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை 2, 3 அங்குலம், துளைகள் ஒன்றுக்கொன்று மாறி மாறி வர வேண்டும். சில்லை வைத்து ஒரு தட்டு, மேலே உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுங்கள். சூடு போதாவிட்டால் மெழுகு கீறல் விட்டு உதிரும். எறும்புக்கு அதுவே வாசல். பிறகு கட்டைகளை மண்ணில் படாமல் கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நிழல் வலை கட்டி 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை காத்திருக்க வேண்டும். வெட்டு முகத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் காளான் இழை உள்ளே ஓடுகிறதென்று அர்த்தம். அதற்குப் பிறகு பீப்பாயில் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாய் வழி விழும் ஊற்றுத் தண்ணீர்) நிரப்பி ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்தால், சில நாளில் பட்டையைப் பிளந்துகொண்டு பழுப்பு மொட்டுகள் கிளம்பும். மரக்கறித் தோட்டத்திலிருந்து வழியும் தண்ணீர் வேண்டாம், அதில் மருந்து இருக்கும். குடையின் ஓரம் இன்னும் உட்புறம் மடிந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். குரங்குக்கும் நத்தைக்கும் அந்த நேரம் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு கட்டை ஒரு தடவைக்கு 100 முதல் 250 கிராம் வரை தரும். அடுத்த ஊறலுக்கு ஆறேழு வாரம் ஓய்வு. இப்படி மூன்று நான்கு வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 கட்டையில் குடும்பம் ஓடாது. 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிதான், வீடே அதில் 550ஐ எடுத்துக்கொள்ளும். அதனால் என் புத்திமதி: மாதச் செலவுக்கு ரப்பர் மரத்தூள் பையில் சிப்பிக்காளான் போடுங்கள், ஷிடாகேயைப் பின்புறத்தில் மெதுவாக வளரவிடுங்கள். எல்ல, நுவரெலியா ஹோட்டல்களுக்குப் பச்சையாகவே கொடுக்கப் பாருங்கள். காய்ந்தது சீனாவிலிருந்து வந்து கடையில் கிடக்கிறது, அதோடு விலையில் மோத முடியாது. வாங்குகிறவர்களிடம் நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்; அரைவேக்காட்டில் தின்ற சிலருக்கு உடம்பெல்லாம் சாட்டையடி பட்டதுபோல் சிவந்து தடிக்கும்.

விதையைப் பெட்டியில் வைக்காதீர்கள். 1999 பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு முன் அனுமதி வேண்டும், கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்தால் புது மருமகள் வந்த முதல் நாளே சங்கடம். கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தாரிடம் விசாரியுங்கள்.

மற்றது, சிங்களம். கடையில் தமிழ் போதும், அலுவலகத்தில் ஓரளவுக்குத்தான். விசா வேலைக்குப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும்போது கல்யாணச் சான்றிதழின் மூலப்பிரதியோடு இரண்டு நகலும் கையில் இருக்கட்டும். கட்டை விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஒப்பந்தக்காரர் எந்த மலையில் எப்போது வெட்டப்போகிறார் என்று மாப்பிள்ளையை இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.