முகச்சவரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 24. யாங்கோனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள்தோறும் முகம் மழித்துக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். மின்சார ரேசர் வைத்திருந்தேன். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நிலையில் அதை நம்ப முடியவில்லை. தாத்தாவின் அலமாரியில் பழைய பித்தளை ரேசர் ஒன்று கிடைத்தது. மேற்பூச்சு அங்கங்கே போயிருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா, அல்லது புதிதாக வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், யாங்கோன்

பதில்: தாத்தாவின் ரேசரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபுறமும் கூருள்ள மெல்லிய பிளேடை வைத்துத் திருகும் இந்தக் கருவிக்கு அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1904 நவம்பரில் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில், விற்பனை தொடங்கியபோது, அவரால் 51 ரேசர்களை மட்டுமே விற்க முடிந்தது. தாள்போன்ற எஃகுத் தகட்டைக் கூர் தாங்கும்படி பதப்படுத்துவதுதான் அன்று கடினமான வேலையாக இருந்தது. வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கு வழி கண்டார். அதன்பின் கருவியின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஆகவே உங்கள் தாத்தாவின் ரேசரில் இன்று கடையில் விற்கும் பிளேடு பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

முதலில் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளி விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் ரேசரின் இடுக்குகளையும் திருகு மரையையும் தேய்த்துக் கழுவுங்கள். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நெடுநேரம் ஊற வைக்காதீர்கள். எஞ்சியிருக்கும் பூச்சும் போய்விடும். பின்பு ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். அடுத்து, புதிய பிளேடு ஒன்றை வைத்துத் திருகி, வெளிச்சத்தில் தலைப்பகுதியை மேலிருந்து பாருங்கள். பிளேடின் இரு விளிம்புகளும் இருபுறமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரே விளிம்பில் ஒரு முனை அதிகமாகவும் மறு முனை குறைவாகவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கைப்பிடி முழுவதும் இறுகுகிறதா, மரையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இவை சரியாக இருந்தால், பூச்சு அங்கங்கே உதிர்ந்திருப்பது ஒரு குறையே அல்ல. பித்தளை இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும்.

ஒருவேளை தலைப்பகுதி வளைந்திருந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் வகையையே தேர்ந்தெடுங்கள். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறக்கும் வகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே சோப்பும் உப்பும் படிந்து இறுகிவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. விலை மலிந்த ரேசர்களின் தலைப்பகுதி பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசியதாக இருக்கும். பூச்சு உடையாதவரை அதுவும் நன்றாகவே வேலை செய்யும். கீழே போட்டுவிட்டால் மரை ஒடிந்துபோகலாம். கையில் காசு இருந்தால் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ பாருங்கள். தெய்ஞ்சி சந்தையில், நம் பெரியவர்கள் இன்றும் சூரத்தி பஜார் என்று சொல்லும் அந்த இடத்தில், வாங்குவதானாலும் சரி, வேறெங்கு வாங்குவதானாலும் சரி, மேலே சொன்ன விளிம்புச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிளேடுக்குக் கீழே இருக்கும் விளிம்பு சில ரேசர்களில் நேராக, மூடியதாக இருக்கும். சிலவற்றில் சீப்பைப்போலப் பல் பல்லாக இருக்கும். நாள்தோறும் மழிப்பவருக்கு மூடிய விளிம்பே ஏற்றது. அது தோலைச் சற்று நீவி, பிளேடு ஆழமாகப் பதியாதபடி தடுக்கிறது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று நாள் பார்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மழிக்கும் வீடுகளில் பல் வைத்ததே உதவும். நீண்ட முடியும் நுரையும் அடைபடாமல் பல்லிடுக்கு வழியே வெளியேறிவிடும். தீமிதிக்கு நேர்ந்துகொண்டு வாரக்கணக்கில் தாடி வளர்த்தவர்கள் எந்த ரேசரானாலும் முதலில் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

பிளேடில் எது சிறந்தது என்று யாராலும் உங்களுக்காகச் சொல்ல முடியாது. மிகக் கூர்மையானது என்று பெயரெடுத்த ஜப்பானின் ஃபெதர் பிளேடு பழகிய கைக்கு நல்லது. முதல் மாதத்தில் அதை வாங்காதீர்கள். இரண்டு மூன்று வகைகளில் வகைக்கொரு பொட்டலம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் மழித்துப் பார்த்து, உங்கள் தோல் எதை ஏற்கிறதோ அதிலேயே நின்றுவிடுங்கள்.

கேள்வி: ரேசர் மாற்றி இரண்டு மாதமாகிறது. கழுத்தில் ஒவ்வொரு முறையும் எரிச்சல், சிறு சிறு கட்டிகள். முடி நன்றாகப் போக வேண்டும் என்று கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை அழுத்தி இழுக்கிறேன். மழித்த கையோடு தனாக்கா மரக்கட்டையை அரைத்துப் பூசுகிறேன். எங்கே தவறு?
– வாசகர், மோல்மேன்

பதில்: "அழுத்தி" என்று நீங்களே எழுதிய அந்தச் சொல்லில்தான் தவறு இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ரேசர் எடையற்றது. அதன் தலை அசைந்து கொடுக்கும். அதனால் கை தானாகவே அழுத்திப் பழகியிருக்கும். உலோக ரேசரோ 60 முதல் 100 கிராம் வரை கனமுள்ளது. அந்தக் கனமே முடியை வெட்டப் போதும். விரல்கள் கைப்பிடியைத் தாங்கிப் பிடித்து வழிகாட்டினால் போதும். கைப்பிடியின் கடைசிப் பகுதியை மூன்று விரல்களால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. முதல் இரண்டு வாரம் அப்படிப் பிடித்துப் பழகுங்கள்.

அடுத்தது கோணம். ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் படிய வைத்து, கைப்பிடி முகத்திலிருந்து விலகி நேராக நிற்கும்படி பிடியுங்கள். பின்பு கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே தாழ்த்திக்கொண்டே சிறிது சிறிதாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் முடி அறுபடும் மெல்லிய ஓசை கேட்கும். அப்போது பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் ஏறத்தாழ 30 பாகை இருக்கும். அந்த ஓசையையே துணையாகக் கொள்ளுங்கள். தாடையிலும் குரல்வளையிலும் தோல் வளைந்து போகுமிடமெல்லாம் கோணம் மாறிவிடுவதால், அங்கே ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போகக் கூடாது. குரல்வளை மேட்டின் மேல் நேரே மழிக்காமல், எச்சிலை விழுங்குவதுபோல் செய்து, தோலைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி மழியுங்கள்.

கட்டிகளுக்கு வருகிறேன். மழிக்காமல் விட்ட மறுநாள் கழுத்தை விரலால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தத் திசையில் வழுவழுப்பாக இருக்கிறதோ அதுவே அங்கே முடி வளரும் திசை. கன்னத்தில் கீழ்நோக்கி வளரும் முடி கழுத்தில் பக்கவாட்டிலும், சிலருக்கு மேல்நோக்கியும் வளரும். இதை அறியாமல் எல்லா இடத்திலும் கீழிருந்து மேலாக இழுத்தால் பல இடங்களில் முடி எதிர்த்திசையில் மிக ஒட்ட அறுபடும். நம்மில் பலருக்கு இருப்பதுபோன்ற சுருண்ட முடி அப்படி அறுபட்டால், அதன் கூர்முனை தோலுக்குள்ளேயே திரும்பி வளைந்து குத்தும். உடல் அதை முள் தைத்ததாக எண்ணி வீங்குகிறது. நீங்கள் காணும் கட்டி அதுதான். பல பிளேடு அடுக்கிய ரேசர் முடியை இழுத்துத் தோல் மட்டத்துக்கும் கீழே அறுப்பதால் இந்தத் தொல்லையை அதிகமாக்கும். ஒற்றைப் பிளேடு அந்த வகையில் நல்லது. ஆனால் அழுத்தினாலும் எதிர்த்திசையில் இழுத்தாலும் அந்த நன்மை போய்விடும்.

ஆகவே இப்போது சில வாரம் கழுத்தை மழிக்காமல் விட்டு, கட்டிகள் அடங்கியபின், முடி வளரும் திசையில் ஒரே ஒரு முறை மட்டும் மழியுங்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். சிறிது சொரசொரப்பு மீந்தால் இருக்கட்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. கட்டியில் சீழ் வைத்தாலோ, பரவினாலோ, வீட்டு மருந்தில் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொண்டாலோ, இந்தக் கட்டுரைப் பக்கத்தை நம்பிப் புது ரேசர் பழகுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனாக்கா குளிர்ச்சியானதுதான்; எனக்கும் பிடித்ததுதான். ஆனால் மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கல்லில் இழைத்த கட்டையையும், இழைத்த நீரின் அழுக்கையும் அதில் பூசுவது சரியன்று. குளிர்ந்த நீரில் முகம் கழுவி, ஈரப் படிகாரக் கட்டியை மென்மையாகத் தேய்த்து, அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். எரிச்சல் தணிந்த பிறகு, மாலையில், தனாக்கா பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சவர சோப்பு நுரைப்பதே இல்லை, கிண்ணத்தில் வெள்ளைப் படிவுதான் மிஞ்சுகிறது. விலையுயர்ந்த சோப்பு வாங்க வேண்டுமா?
– வாசகர், பெகு

பதில்: வேண்டியதில்லை. உங்கள் நீர் கடின நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகிறது. எந்தச் சோப்பும் அதில் தோற்கும். மே மாதம் தொடங்கி ஐந்தாறு மாதம் வானமே நமக்கு மென்னீர் தருகிறது. கூரை நன்றாகக் கழுவப்பட்டபின் விழும் மழைநீரைத் தனிக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். ஒரு சவரத்துக்கு ஒரு டம்ளர் போதும். கோடையில் நுரை அடிக்க மட்டும் வாங்கிய குடிநீரைச் சிறிதளவு பயன்படுத்தலாம். முகத்தையும் ரேசரையும் கழுவக் கிணற்று நீரே போதும்.

பிரஷைப் பற்றி ஒரு சொல். சந்தையில் விற்கும் மலிவான பிரஷ்களில் பல பன்றி முடியால் ஆனவை. அதை விரும்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. செயற்கை இழையால் ஆனது சீக்கிரம் காயும், நன்றாகவும் நுரைக்கும். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒரு பிளேடை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? மழைக்காலத்தில் துரு பிடித்துவிடுகிறது. துணியால் துடைத்து வைத்தும் பயனில்லை.
– வாசகர், தட்டோன்

பதில்: துடைக்காதீர்கள், துணி பிளேடின் கூர்மையைக் கெடுக்கும், பிளேடு விரலையும் அறுக்கும். மழித்து முடித்ததும் தலைப்பகுதியைச் சிறிது தளர்த்தி, ஓடும் நீரில் அலசி, இரண்டு முறை உதறி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தலை மேலாக நிற்க வையுங்கள். அடுத்த முறை இறுக்க மறக்க வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு என்று உறையில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துரு கண்ட பிளேடை, புதியதே ஆனாலும், முகத்தில் வைக்கக் கூடாது.

நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நான்கு முதல் ஏழு சவரம் என்பது பொதுவான அளவு. முடியை அறுக்காமல் பிடித்து இழுப்பதுபோல் தோன்றிய அன்றே மாற்றிவிடுங்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படிப் பிளேடை மழுக்குகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2020-இல் ஆராய்ந்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து வட்டமாவதைக் காட்டிலும், வளைந்த முடி சாய்வாக மோதுமிடத்தில் எஃகு நுண்ணிய சில்லுகளாகப் பெயர்வதையே அவர்கள் கண்டார்கள். மழிக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நன்றாக நனைத்து முடியை ஊற வைக்கச் சொல்வது தோலுக்காக மட்டுமன்று. ஊறிய முடி எளிதில் அறுபடுவதால் பிளேடுக்கும் அது நல்லது என்றே கருதுகிறேன். குளித்து முடித்த கையோடு மழிப்பது எல்லாவற்றிலும் எளிது. சுடுநீர் இல்லாத நாளில் குளிர்ந்த நீரே போதும். நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளும் ஒரே ரேசரில் மழிக்கிறார்கள், அண்ணன் தம்பிதானே என்கிறார்கள். பழைய பிளேடுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறார்கள். எனக்கு இரண்டுமே மனத்துக்கு ஒப்பவில்லை.
– ஒரு தாய், யாங்கோன்

பதில்: அம்மா, நீங்கள் நினைப்பதே சரி. இரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலை வகையான ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருந்து தொற்றும் வலுவுள்ளது. அது உடலில் இருப்பவருக்கே பல ஆண்டு தெரியாமலிருக்கலாம். ரேசரில் இரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுமில்லை. பிளேடை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ண வேண்டாம். தலைப்பகுதியின் இடுக்கிலும் அது தங்கும். இந்நாட்டுப் பிக்குகளுக்கு விதிக்கப்பட்ட எட்டு உடைமைகளுள் சவரக் கத்தியும் ஒன்று; உண்ணும் திருவோட்டைப்போல அதுவும் அவரவருக்குரியது. உங்கள் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ரேசர், ஆளுக்கொரு படிகாரக் கட்டி வாங்கிக் கொடுங்கள். முடிதிருத்தும் கடைக்குப் போனால் புதுப் பிளேடை அவர்கள் கண்முன்னே பிரித்து வைக்கச் சொல்லிக் கேட்கட்டும். நல்ல தொழிலாளி அதற்காக வருத்தப்பட மாட்டார். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசியும் உண்டு. இருவருக்கும் போட்டிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காகிதத்தில் சுற்றிய பிளேடு, குப்பையைக் கையால் பிரித்தெடுக்கும் ஏழையின் விரலை அறுக்கும். காலியான பால் டின் ஒன்றில் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பழைய பிளேடுகளை அதன் வழியே உள்ளே தள்ளச் சொல்லுங்கள். டின் நிறையப் பல ஆண்டுகள் ஆகும். நிறைந்தபின் கீறலைச் சுத்தியலால் தட்டி மூடி, மேலே பசை நாடா சுற்றி, உள்ளே பிளேடு இருப்பதைப் பர்மிய மொழியில் பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.