புருவத்துக்கு நிறம் ஏற்றலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பதினோரு வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். புருவத்துக்கு நிறம் ஏற்றும் முறைகளான மைக்ரோபிளேடிங், பவுடர் ப்ரோஸ் பற்றி என்ன சந்தேகமென்றாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. 'செமி பர்மனென்ட்' என்று பெயர் வைத்திருந்தாலும் இது பச்சை குத்துவதுதான். ஊசி தோலுக்குள் போகிறது, நிறமி உள்ளே தங்குகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்கா, மைக்ரோபிளேடிங், நானோ, பவுடர், காம்போன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு எது சரிவரும்?

மைக்ரோபிளேடிங்குக்குப் பேனா மாதிரி ஒரு கைக்கருவி. அதன் நுனியில் நுண்ணிய ஊசிகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும், பார்க்க பிளேடு போலத் தெரியும். முடி முடியாகக் கீறி அந்தக் கீறலுக்குள் நிறமியை இறக்குவோம். நானோவிலும் முடிக்கோடுகள்தான், ஆனால் மெஷினில் ஒற்றை ஊசி. பவுடர் ப்ரோஸ் என்பது மெஷினால் புள்ளி புள்ளியாக வைப்பது. பென்சில் தீட்டி லேசாகக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். முன்பக்கம் முடிக்கோடு, மீதிக்குப் பவுடர் என்றால் அது காம்போ.

இதில் எது உங்களுக்கு என்பதை உங்கள் தோல்தான் சொல்லும், உங்கள் ஆசை அல்ல. முகம் எண்ணெய் வடியும், துளைகள் பெரிதாக இருக்கும் என்றால் மைக்ரோபிளேடிங் வேண்டாம். மெல்லிய கோடுகள் சில மாதங்களில் ஒன்றோடொன்று கலந்து மங்கலான திட்டாகிவிடும். அப்படிப்பட்ட தோலுக்குப் பவுடர்தான் நிற்கும். வறண்ட தோலும் சாதாரணத் தோலும் கோடுகளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வயதால் மெலிந்த தோலில் கீறுவதற்கு எனக்கு மனம் வராது. மெஷினில் மென்மையாகச் செய்வதே பாதுகாப்பு.

இன்னொன்று. நீங்கள் பார்த்து மயங்குகிற படங்களில் பெரும்பாலானவை செய்து முடித்த கையோடு எடுத்தவை. அப்போது யார் செய்தாலும் கோடு பளிச்சென்றுதான் இருக்கும். ஆறிய பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து எடுத்தது இருந்தால் இன்னும் நல்லது. காட்டத் தயங்குகிறவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ரொம்ப வலிக்குமா?

மரத்துப்போகும் களிம்பு தடவித்தான் ஆரம்பிப்போம். பெரும்பாலும் லிடோகெய்ன் இருக்கும். பலருக்கு இழுப்பதும் சுரண்டுவதும் மட்டும்தான் தெரியும். மாதவிலக்கு நாட்களில் வலி கூடுதலாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. தேதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பல் மருத்துவரிடம் மரத்துப்போகும் ஊசி போட்டபோது ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். களிம்பு கண்ணுக்குள் வழியாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

மேடம், செய்து 12 நாள் ஆகிறது. முதல் வாரம் கரி பூசின மாதிரி இருந்தது. இப்போது பொருக்கு உதிர்ந்ததும் புருவமே காணோம். காசு எல்லாம் வீணா?

பதறாதீர்கள் தங்கை. இந்தக் கேள்வி எனக்கு வராத மாதம் கிடையாது.

முதல் மூன்று நான்கு நாட்கள் நிறம் கறுப்பாக, தடிமனாக இருக்கும். அதில் ஒரு பகுதி மேல்தோலில் நிற்கிற நிறமி. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை பொருக்கு மெல்லிய செதிலாக உதிரும், அதோடு அந்த நிறமும் போய்விடும். அடியில் புதிதாக முளைத்த தோல் கொஞ்சம் மங்கலாக, பால் படிந்தாற்போல இருப்பதால் உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரியாது. அந்தத் தோல் பக்குவப்படப் படப் புருவம் திரும்பி வரும். நான்காவது வாரத்தில் ஓரளவு தெரியும், ஆறாவது வாரத்தில்தான் உண்மையான நிறம் எதுவென்று சொல்ல முடியும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டச்-அப் வைப்பது இதனால்தான். எங்கே பிடிக்கவில்லையோ அங்கே மட்டும் அப்போது நிரப்புவார்கள்.

அதுவரை நகத்தால் சுரண்டாதீர்கள். பொருக்கைப் பிய்த்த இடத்தில் நிறமியும் சேர்ந்து வந்துவிடும், சமயத்தில் தழும்பும் விழும். முதல் இரண்டு வாரம் நீச்சல், வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி, நீராவி, நேர் வெயில் எதுவும் கூடாது. களிம்பு கொடுத்திருந்தால் அரிசி அளவு எடுத்து மெல்லியதாகத் தடவுங்கள், அப்பிவிடாதீர்கள். அரிப்பு இருப்பது இயல்பு. ஆனால் நாளுக்கு நாள் சிவப்பு பரவினாலோ, சூடாக வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ என்னைப் போன்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும்? ஒரு வருஷம் கழிச்சு தானா போயிடும்தானே?

ஒன்று முதல் மூன்று வருடம். எண்ணெய்ப் பசை, வெயில், முகத்தில் போடும் ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் எல்லாம் இந்தக் காலத்தைக் குறைக்கும். புருவத்தை விட்டுவிட்டுத் தடவினால் கொஞ்சம் நீடிக்கும்.

'தானாகப் போய்விடும்' என்பதைத்தான் நம்பாதீர்கள். மங்கும், சிலருக்கு முழுவதும் மறையும், பலருக்கு ஒரு நிழல் மிஞ்சும். அந்த நிழலின் மேலேயே அடுத்த முறை நிறம் ஏற்றுகிறோம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. தோலுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. திரும்பத் திரும்ப நிரப்பினால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

என் புருவம் ஒன்றரை வருடத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. என் தோழிக்கோ சாம்பல் நீலம். இருவருக்கும் பழுப்பு நிறம்தான் போட்டார்கள். ஏன் இப்படி?

பழுப்பு என்பது தனி நிறம் அல்ல, கலவை. இரும்பு ஆக்சைடுகளைச் சேர்த்துச் செய்த பழுப்பு மங்கும்போது சிவப்பு மிஞ்சி நிற்பது வழக்கம். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். கார்பன் கறுப்பு வேறு வகை. துகள் மிக நுண்ணியது, நெடுநாள் நிற்கும், தோலுக்கு அடியிலிருந்து பார்க்கும்போது நீலம் தட்டும். பழைய பச்சைகுத்தல்கள் எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரிவதை நினைத்துப் பாருங்கள். மாநிறத்தவர்களும் கறுப்பு நிறத்தவர்களும் 'நல்ல கறுப்பாப் போடுங்க' என்று கேட்கும்போது நான் மறுப்பது இதற்காகத்தான். அடர் பழுப்பே ஆறிய பிறகு கறுப்பாகத்தான் தெரியும்.

ஆனால் சாம்பல் நிறத்துக்கு நிறமியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆழமும் காரணம். மேல்தோலிலேயே நின்றுவிட்டால் சில வாரங்களில் உதிர்ந்துபோகும். உள்தோலின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் கோடு பரவும், நிறம் சாம்பல் நீலமாகும், தழும்பும் விழலாம். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒருவருக்குப் புருவத்தின் வெளி நுனியான வால் பகுதியில் அழுத்திவிட்டேன். அங்கே தோல் மெல்லியது என்பது தெரிந்தும் கை தவறியது. அந்தச் சாம்பல் கோடு போக அவர் ஒன்றரை வருடம் அலைய வேண்டியிருந்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரிசெய்ய: நிறம் லேசாக இருந்தால் சிவப்பின் மேல் ஆலிவ் சாயல், சாம்பலின் மேல் ஆரஞ்சு சாயல் ஏற்றி நடுநிலைக்குக் கொண்டுவரலாம். அடர்த்தியாக இருந்தால் மேலே பூசி மறைக்க முயலாதீர்கள், முதலில் குறைக்க வேண்டும்.

குறைக்கணும்னா எப்படி? எலுமிச்சையும் கல் உப்பும் தேய்ச்சா போகும்னு சொல்றாங்களே?

தயவுசெய்து வேண்டாம். உப்பு தேய்த்து நிறம் போகாது, தோல்தான் போகும். புண் ஆறியதும் கரும்படை விழுந்துவிட்டால் அதை மறைக்க இன்னொரு வைத்தியம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பயிற்சி பெற்றவர் உப்புக் கரைசலை ஊசியால் இறக்கி நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே தோல் முழுக்க ஆற வேண்டும். இன்னொன்று லேசர். தோல் மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், கண்ணுக்குள் கவசம் வைத்துச் செய்ய வேண்டும். எதுவானாலும் ஒரே தடவையில் முடியாது. லேசரில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: நிறமியில் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருந்தால், லேசர் பட்டவுடன் வெளிறுவதற்குப் பதில் கறுத்துவிடலாம். அதனால் முதலில் ஓரமாக ஒரு சிறு புள்ளியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் ஏற்றும் நாளிலேயே நிறமியின் பெயரையும் பாட்டிலில் இருக்கும் பேட்ச் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) படம் எடுத்து வைத்திருந்தால் அந்த மருத்துவருக்குப் பேருதவி.

கர்ப்பமா இருக்கேன், அஞ்சாம் மாசம். பண்ணலாமா?

வேண்டாம் அம்மா. குழந்தை பிறந்து, தாய்ப்பால் நிறுத்திய பிறகு வாருங்கள்.

வேறு யாரெல்லாம் செய்யக்கூடாது?

காயம் பட்டால் கெலாய்டு, அதாவது தடித்துப் புடைத்த தழும்பு, வளரும் உடம்பு என்றால் வேண்டவே வேண்டாம். வெண்புள்ளியும் சோரியாசிஸும் இருப்பவர்களுக்கு, காயம் பட்ட இடத்திலேயே அந்த நோய் புதிதாகக் கிளம்புவதுண்டு. பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் புருவத்துக்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு நான் செய்வதில்லை. அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தாலும்தான்.

எனக்கு வயது 58. புருவத்தின் வெளிப்பக்கம் இரண்டு வருடமாகக் கொட்டிவிட்டது. மகள் நானோ செய்துகொள்ளச் சொல்கிறாள். இந்த வயதில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் ஏன் கொட்டியது என்று யாராவது பார்த்தார்களா? வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிவது தைராய்டு குறைவின் அறிகுறியாக இருக்கலாம். திட்டுத்திட்டாகக் கொட்டினால் அலோபீசியா ஏரியாட்டா என்னும் புழுவெட்டாக இருக்கலாம். நெற்றி முடியும் சேர்ந்து பின்வாங்கினால் தோல் மருத்துவர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். முதலில் இரத்தப் பரிசோதனை. காரணம் தெரிந்து மருந்து எடுத்தால் முடி திரும்பவும் வரலாம். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மென்மையான பவுடர் உங்களுக்குப் பொருந்தும். வாலைக் கீழே இறக்க விடாதீர்கள், கண் சோர்ந்து தெரியும்.

மெல்லிசா, நல்லா வளைச்சு, இயற்கைப் புருவத்துக்கு மேலே ஏத்திப் போடணும்னு ஆசை. பண்ணித் தருவாங்களா?

பண்ணித் தருகிறவர்கள் இருப்பார்கள். நான் செய்ய மாட்டேன். புருவ எலும்பும் தசையும் இருக்கிற இடத்தில்தான் புருவம் அசையும். அதை விட்டு மேலே வரைந்தால் நீங்கள் சிரிக்கும்போது சொந்த முடி ஒரு பக்கம், வரைந்தது ஒரு பக்கம் நகரும். மெல்லிய புருவ மோகம் வரும், போகும். தோலுக்குள் இருப்பது அதே வேகத்தில் போகாது.

மேப்பிங் செய்யும்போது, அதாவது ஊசிக்கு முன் புருவத்தின் வடிவத்தை அளந்து வரையும்போது, உட்கார்ந்தபடி பாருங்கள். படுத்தால் முகம் பின்னால் சரிந்து அளவு மாறும். கண்ணாடி முன் சிரித்து, முகம் சுளித்து, புருவத்தை உயர்த்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அழித்து வரையச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். திருப்தியாகும்வரை ஊசியைத் தொட விடாதீர்கள்.

ஆண்களும் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்கிறார்கள். தழும்பால் விடுபட்ட இடத்தை நிரப்பத்தான் பெரும்பாலும் வருவார்கள். ஓரங்களைக் கூர்மையாக்காமல், கோடுகளை இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

நிறம் ஏற்றியவர்கள் எம்ஆர்ஐ எடுக்கக்கூடாதாமே?

எடுக்கலாம். இரும்பு ஆக்சைடு இருப்பதால் அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் சுடும், வீங்கும், பிறகு அடங்கிவிடும். ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தேவையான ஸ்கேனை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறமி பாதுகாப்பானதுதானா? பாட்டிலில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் போதுமா?

அந்தச் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமியையும் அங்கீகரித்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மைகளிலும் நிரந்தர ஒப்பனை மைகளிலும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துச் சோதிப்பது நல்லது, ஆனால் ஒவ்வாமை மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம்.

அதைவிட உடனடி ஆபத்து ஊசி. உறை பிரிக்காத, காலாவதித் தேதி உள்ள ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே எறிய வேண்டும். நிறமி ஊற்றும் சிறு கிண்ணமும் அப்படியே. ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ஊசி வழியே பரவும் நோய்கள். கேட்டால் கோபப்படுகிறவரின் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு தொழில் தொடங்கலாமா அக்கா?

கருவியைப் பிடிக்க இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆழம் விரலுக்குப் பழக மாதங்கள் ஆகும். செயற்கைத் தோலில் கோடு அழகாக வரும், ஏனென்றால் அது இரத்தம் கசியாது, எண்ணெய் விடாது, ஆறாது. அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று, நீங்கள் செய்த புருவம் ஆறி வருவதை ஆறு வாரம் கழித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது. புருவம் கொட்டிவிடும் என்று அழுகிறார். அதற்குள் செய்துவிடலாமா?

மனசு கனக்கிறது. ஆனாலும் ஒரு வாரத்தில் வேண்டாம். சிகிச்சை தொடங்கும்போது புருவத்தில் ஆறாத காயம் இருக்கக்கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறையும் நேரம் அது. சில வாரங்கள் இருந்திருந்தால் புற்றுநோய் மருத்துவரின் சம்மதத்தோடு செய்திருக்கலாம். இப்போதைக்குப் புருவப் பென்சிலும் ஒட்டுப் புருவமும் போதும். புருவ இடத்தைக் காட்டும் ஸ்டென்சில் கிடைக்கிறது, நீங்களே அம்மாவுக்கு வரைந்துவிடலாம். சிகிச்சை முடிந்து, இரத்த அணுக்கள் தேறி, மருத்துவர் சரி என்ற பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். பலருக்கு முடி தானாகவே திரும்பிவிடும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்தில் அம்மாவை உட்கார வைத்து, நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, சிரிக்கும்போது ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். பென்சிலால் வரைவதானாலும் பிறகு யாரிடம் போவதானாலும், அம்மாவின் சொந்தப் புருவம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்கள்தான் அளவு.