கோப்பு இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை: பகிர்வு லைப்ரரிகள் குறித்துக் கேள்வி-பதில்

கே: ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களை எழுத்தாக மாற்றுவதற்காக, உபுண்டுவில் டெஸ்ஸராக்ட் 5-ஐ மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவினேன். எந்தப் பிழையும் வரவில்லை. இயக்கினால் மட்டும் ‘லிப்டெஸ்ஸராக்ட்.எஸ்ஓ.5 கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் அந்தக் கோப்பு என் கண்ணெதிரே இருக்கிறது!

ப: இல்லை என்று சொல்வது யார் என்பதைப் பாருங்கள். டெஸ்ஸராக்ட் இன்னும் தொடங்கவே இல்லை. அதற்கு முன்பே எல்டி.எஸ்ஓ என்ற ஏற்றி வேலையில் இறங்கிவிடுகிறது. நிரலுக்கு வேண்டிய பகிர்வு லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்கோப்புகளை, தேடி நினைவகத்தில் ஏற்றுவது அதன் பொறுப்பு. அதற்காக அது வட்டு முழுவதும் அலைவதில்லை. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற அட்டவணையைப் புரட்டும். அதில் இல்லாவிட்டால் /லிப், /யுஎஸ்ஆர்/லிப் ஆகிய வழக்கமான அடைவுகளைப் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் கையை விரித்துவிடும்.

நிறுவும் கட்டளையான ‘மேக் இன்ஸ்டால்’ கோப்பைக் கொண்டுபோய் வைத்ததே தவிர, அட்டவணையைப் புதுப்பிக்கவில்லை. அதைப் புதுப்பிக்க ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ என்று ஒருமுறை கொடுங்கள் (சூடோ என்றால் ரூட் என்ற நிர்வாகி உரிமையில் இயக்குவது). பிறகு ‘எல்டிகான்ஃபிக் -பி’ கொடுத்து, வரும் பட்டியலில் டெஸ்ஸராக்ட் இருக்கிறதா என்று கிரெப் செய்து பாருங்கள். டெபியன், உபுண்டு இரண்டிலும் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே தேடல் பட்டியலில் இருப்பதால் இதோடு வேலை முடிந்தது. ரெட்ஹேட் குடும்பத்தில் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. அங்கே /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் லோக்கல்.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி, அடைவின் முழுப்பெயரை ஒரே வரியாக எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக்கை இயக்குங்கள்.

கே: உபுண்டு 22.04-க்கு மாறியபின் ஒரு பழைய மென்பொருள், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கோப்பு வேண்டும் என்று நின்றுவிட்டது. லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் மாற்றுப்பெயர்) போட்டேன். இப்போது ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 பதிப்பு இல்லை’ என்று வேறு பிழை வருகிறது.

ப: இந்தச் சிம்லிங்க் வைத்தியத்தைப் பரிந்துரைக்காத ஆளே இல்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு பகிர்வு லைப்ரரிக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் இருக்கும். உபுண்டு 22.04-இல் பிஎன்ஜி படங்களைக் கையாளும் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். உண்மையான கோப்பு லிப்பிஎன்ஜி16.எஸ்ஓ.16.37.0. அதைச் சுட்டும் லிப்பிஎன்ஜி16.எஸ்ஓ.16 என்பது எஸ்ஓநேம். நிரல்கள் இயங்கும்போது கேட்பது இந்தப் பெயரைத்தான். எண்ணே இல்லாத லிப்பிஎன்ஜி16.எஸ்ஓ கம்பைல் செய்யும் நேரத்தில், நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்கருக்கு மட்டும் தேவைப்படும்.

எஸ்ஓநேமில் உள்ள எண் ஓர் ஒப்பந்தம். பழைய நிரல்கள் இனி இதோடு ஒத்துப்போகாது என்ற நிலை வரும்போதுதான் லைப்ரரியை எழுதியவர்கள் அதை மாற்றுகிறார்கள். 1.1 கேட்ட நிரலுக்கு 3-ஐப் பெயர்மாற்றிக் கொடுத்தால், அவர்கள் வைத்த எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி எறிந்ததாகத்தான் பொருள். உங்களுக்கு நல்ல காலம்: ஓப்பன்எஸ்எஸ்எல் தன் செயற்கூறுகளுக்கும் பதிப்புப் பெயர் ஒட்டி வைத்திருப்பதால், ஏற்றியே தடுத்துவிட்டது. அப்படி ஒட்டாத லைப்ரரியாக இருந்தால் நிரல் சமர்த்தாகத் தொடங்கி, ஒருநாள் ஏதோ ஒரு கோப்பைப் பாழாக்கிவிட்டுச் செத்திருக்கும்.

மூலநிரல் கையில் இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-உடன் மீண்டும் கம்பைல் செய்யுங்கள். 1.1.1-க்கு எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை சில எச்சரிக்கைகளோடு கம்பைல் ஆகிவிடும். மூலநிரல் இல்லையென்றால் 1.1.1-ஐ /ஆப்ட் அடைவில் தனியாக நிறுவி, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அதைக் காட்டுங்கள். ஆனால் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வரில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கே: டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ நானே கம்பைல் செய்து நிறுவினேன். எல்டிகான்ஃபிக் கொடுத்தும் என் பதிப்பு எடுபடவில்லை.

ப: 64 பிட் லினக்ஸில் அது தன் லைப்ரரிகளை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்64-இல் வைக்கும். டெபியனின் தேடல் பட்டியலில் அந்த அடைவு கிடையாது. சேர்த்துவிட்டால் சரியாகும், ஆனால் சேர்க்காதீர்கள். எஸ்ஓநேம் ஒன்றே என்பதால் கர்ல் முதற்கொண்டு கணினியில் உள்ள மற்ற நிரல்களும் உங்கள் பதிப்பை எடுத்துக்கொள்ளக்கூடும். டெபியன் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதன்பின் வீண். /ஆப்ட்டில் நிறுவி, தேவையான நிரலுக்கு மட்டும் ஆர்பாத் கொடுங்கள். ஆர்பாத் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கே: எல்டி_லைப்ரரி_பாத் மாறியை, முனையம் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் .பேஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது. சூடோ போட்டால் மட்டும் ஓடவில்லை. ஏன்?

ப: ஓடக்கூடாது என்பதற்காகத்தான். அந்த மாறியில் எழுதிய அடைவுகளை ஏற்றி அட்டவணைக்கும் முன்பே பார்க்கிறது. சாதாரணப் பயனர் ஒருவர் அதில் தன் அடைவை எழுதி, ரூட் உரிமையில் ஓடும் நிரலுக்குள் போலி லைப்ரரியைத் திணித்துவிடலாம் அல்லவா? எனவே செட்யுஐடி நிரல்களுக்கு (யார் இயக்கினாலும் கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுபவை) ஏற்றி அதைக் கண்டுகொள்வதில்லை, சூடோவும் கடத்திவிடுவதில்லை.

உங்களுக்கு ‘நன்றாக ஓடுகிறது’ என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அந்த வரி உங்கள் முனையத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நிரலையும் தொடும். ஆறு மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு நிரல் தகராறு செய்யும்போது இந்த வரி யாருக்கு நினைவிருக்கும்? சோதனைக்கு, ஒரே கட்டளையின் முன்னால் எழுதிப் பார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலையான தீர்வு ஆர்பாத். எந்த அடைவில் தேட வேண்டும் என்பதை லிங்க் செய்யும்போதே நிரல் கோப்புக்குள் எழுதிவிடலாம். அதில் $ஆரிஜின் என்று போட்டால் ‘நிரல் இருக்கும் அடைவிலிருந்து’ என்று பொருள். முழுக் கோப்புறையையும் வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் வேலை செய்யும். ஷெல் அந்த டாலர் குறியை விழுங்கிவிடாதபடி ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேக்ஃபைலுக்குள் என்றால் டாலரை இரண்டு முறை போட வேண்டும். ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்பென்றால் பேட்ச்எல்ஃப் என்ற கருவியால் பின்னர் எழுதலாம்.

இதில் ஒரு சூட்சுமம். இன்றைய லிங்கர்கள் பல இடங்களில் ஆர்பாத்துக்குப் பதில் ரன்பாத் என்ற புது வகையை எழுதுகின்றன. ரன்பாத் நிரலின் நேரடித் தேவைகளுக்கு மட்டுமே செல்லும். அப்படிக் கிடைத்த லைப்ரரி தனக்கென்று கேட்கும் இன்னொரு லைப்ரரிக்குச் செல்லாது. ‘முதலாவது கிடைக்கிறது, அதற்கு வேண்டியது கிடைக்கவில்லை’ என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. உள்ளே இருக்கும் லைப்ரரிக்கும் தனியே ரன்பாத் கொடுத்துவிடுங்கள்.

கே: பில்ட் அடைவில் ஓடும் நிரல், ‘மேக் இன்ஸ்டால்’ செய்தபின் லைப்ரரியைக் காணவில்லை என்கிறது.

ப: சிமேக் (கம்பைல் வேலையை நடத்தும் கருவி) திட்டமாக இருக்க வேண்டும். கம்பைல் நேரத்தில் தானே எழுதிய ஆர்பாத்தை நிறுவும்போது சிமேக் அழித்துவிடும். சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் மாறிக்கு மதிப்புக் கொடுங்கள்.

கே: உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த நிரலை 20.04 ஓடும் சர்வருக்குக் கொண்டுபோனால் ‘ஜிலிப்சி_2.34 இல்லை’ என்கிறது. புதிய லிப்சி.எஸ்ஓ.6 கோப்பை மட்டும் நகலெடுத்துப் போடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். லிப்சி.எஸ்ஓ.6 என்பது ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியின் கோப்பு. ஜிலிப்சியும் ஏற்றியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எல்எஸ் ஓடாது, சிபி ஓடாது, சூடோவும் ஓடாது. செய்ததைத் திருப்பக்கூட வழியில்லாமல், வெளியிலிருந்து பூட் செய்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் 2.35. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், மறுபக்கம் அப்படியல்ல. ‘வணக்கம்’ என்று அச்சிடும் நிரல்கூடத் தப்பாது. மெயின் செயற்கூறை அழைத்துத் தொடங்கிவைக்கும் பகுதிக்கே 2.34-இல் புதுப் பதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். ஆதரிக்க வேண்டியவற்றில் மிகப் பழைய வழங்கலை ஒரு கண்டெய்னரில் எழுப்பி, அதற்குள் கம்பைல் செய்யுங்கள்.

கே: லிப்எக்ஸ்எம்எல்2.எஸ்ஓ.2 கணினியில் இருக்கிறது. ஆனாலும் கம்பைல் செய்தால் ‘-எல்எக்ஸ்எம்எல்2 கிடைக்கவில்லை’ என்று லிங்கர் சொல்கிறது.

ப: லிங்கருக்கு எண் இல்லாத பெயர் வேண்டும் என்று மேலே சொன்னேன். அது ‘டெவ்’ என்று முடியும் பேக்கேஜில் வரும், ஃபெடோராவில் ‘டெவல்’. ஹெடர் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

கே: இறக்கிய நிரல் கோப்பு அடைவில் இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. இயக்கினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஷெல் சொல்கிறது. எந்த லைப்ரரியின் பெயரும் வரவில்லை.

ப: இங்கே காணாமல் போனது ஏற்றியே. 32 பிட் ஏற்றி நிறுவாத 64 பிட் கணினியில் 32 பிட் நிரலை இயக்கினாலும், ஜிலிப்சிக்காகக் கட்டிய நிரலை மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸில் இயக்கினாலும் இப்படித்தான் வரும். ‘ஃபைல்’ கட்டளை கொடுத்தால் எந்த ஏற்றியை அது கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

கே: எந்த லைப்ரரி எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்க எல்டிடி போதுமா?

ப: நீங்களே கம்பைல் செய்த கோப்புக்குப் போதும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த கோப்பை எல்டிடியிடம் கொடுக்காதீர்கள். சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிப் பார்த்துவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு ‘ரீட்எல்ஃப் -டி’. அது கோப்பைப் படிப்பதோடு சரி. நேரடித் தேவைகளும், ஆர்பாத் அல்லது ரன்பாத் இருந்தால் அதுவும் அதில் தெரியும். எதற்காகவும் சிம்லிங்க் போடக் கை துறுதுறுத்தால், முதலில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.